ஸ்பைக் கார்டு மட்டும் போதாது: காங்கேயம் தோட்டத்து வீட்டில் ஆடியோ செட்டைக் காப்பாற்ற நான் வாங்கியவை

எங்கள் வீடு காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளித் தோட்டத்துக்குள் இருக்கிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து எங்கள் மீட்டர் பெட்டிக்கு ஒன்பது கம்பம். பகலில் அக்கம்பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் 190க்கு இறங்கும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு 255 வரை ஏறும். நகரத்தில் இருந்துகொண்டு எழுதுகிறவர்களின் ஆலோசனை எங்கள் லைனுக்கு முழுசாகப் பொருந்தாது. அதனால்தான் இதை விலாவாரியாக எழுதுகிறேன்.

என் செட்: கோவையில் ஒருவர் கையால் அசெம்பிள் செய்து கொடுத்த ஸ்டீரியோ ஆம்ப். சேனலுக்கு இரண்டு ஜோடி 5200, 1943 டிரான்சிஸ்டர், உள்ளே 500 விஏ டொராய்டல் டிரான்ஸ்பார்மர். கூடவே டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றுகிற ஒரு டிஏசி, ஒரு டர்ன்டேபிள், தரையில் நிற்கிற ஸ்பீக்கர் ஒரு ஜோடி. அப்பா மைக் செட் வாடகைக்கு விட்டவர். சிவன்மலைத் தேருக்குக் குழாய் கட்டப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். நல்ல சத்தத்தின் மேல் எனக்கு இருக்கிற பிரியம் அங்கே தொடங்கியது.

2022 சித்திரையில் கோடை மழை காற்றோடு வந்தது. தென்னை மட்டை ஒன்று லைன் மேல் விழுந்து, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டது. ஹாலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதலில் பேன் வேகமெடுத்தது, பல்பெல்லாம் வெள்ளையாகப் பளிச்சிட்டன. நான் மெயினை அணைக்க எழுந்து ஓடுவதற்குள் செட்டை மாட்டியிருந்த ஸ்பைக் கார்டு (திடீர் வோல்டேஜ் அடியைத் தடுக்கிற சாக்கெட் பலகை) "பட்"டென்று வெடித்துக் கருகல் நாற்றம் அடித்தது. டிஏசி, டர்ன்டேபிள் இரண்டின் அடாப்டரும் போச்சு. ஆம்பில் பியூஸ் போனதோடு பில்டர் கப்பாசிட்டர் ஒன்று தலை உப்பியிருந்தது. சரிசெய்ய 6,500 ரூபாய் ஆனது.

மறுநாள் அந்த ஸ்பைக் கார்டைத் திருகு கழற்றிப் பார்த்தேன். உள்ளே செம்புப் பட்டைகளுக்கு நடுவே நீல நிறத்தில் மூன்று வில்லைகள், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னது. ஒன்று நடுவில் பிளந்து, உடைந்த ஓட்டுச் சில்லு மாதிரி இரண்டாகத் தொங்கியது. சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. முழுசாக இருந்த வில்லையில் 10டி471கே என்று எழுத்து. இதற்குப் பெயர் எம்ஓவி, துத்தநாக ஆக்சைடில் செய்வது. வோல்டேஜ் எகிறினால் அதைத் தன் வழியாகக் கடத்திவிடும். 10 என்பது மில்லிமீட்டரில் விட்டம். 471 என்றால் 47க்குப் பின்னால் ஒரு பூஜ்யம், அதாவது 470 வோல்ட்டில் கடத்த ஆரம்பிக்கும். ஏசி லைனில் நிரந்தரமாக 300 வோல்ட் வரைதான் தாங்கும். இதே வில்லை 10 மில்லிமீட்டரில் ஒருமுறை சுமார் 2,500 ஆம்பியர் அடியைத் தாங்கும், 20 மில்லிமீட்டரில் 6,500. காசு கொடுத்து வாங்குகிற வித்தியாசம் இந்த விட்டத்தில் இருக்கிறது. டப்பா மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஜூல் (ஆற்றல்) கணக்கை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

அந்த ஸ்பைக் கார்டு மேல் எனக்குக் குறையில்லை. அதைச் செய்தது வேறு வேலைக்கு. மின்னலோ பெரிய மோட்டார் அணைவதோ கிளப்புகிற சர்ஜ், அதாவது திடீர் வோல்டேஜ் அடி, நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பத்துப் பங்கு நேரம்தான் இருக்கும். அதை எம்ஓவி வாங்கிக் கொள்ளும். நியூட்ரல் அறுந்தால் கதை வேறு. என் வீடும் வேறு பேஸில் (லைனின் மூன்று கரண்ட் கம்பிகளில் இன்னொன்றில்) இருக்கிற வீடும் 400 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொள்ளும். லோடு குறைவாக ஓடுகிற வீட்டுக்குத்தான் வோல்டேஜ் கூட ஏறும். அது நிமிஷக் கணக்கில் நிற்கும். 300 வோல்ட் வில்லை அதில் வெந்து போகாமல் என்ன செய்யும்?

எங்கள் ஊர் ஒயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தவர் செட்டைப் பார்க்கவே இல்லை.

"ஏனுங் தம்பி, அதையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங். மொதல்ல எர்த்துக் குழி எங்கெ இருக்குதுன்னு காட்டுங்."

குழி வேப்பமரத்தடியில் காய்ந்து கிடந்தது. எங்கள் மண் மேலே ஒரு சாண்தான் மண், கீழே சுக்கான் கல். எர்த் டெஸ்டர் வைத்துப் பார்த்தார், 41 ஓம் காட்டியது. இது குறையக் குறைய நல்லது. "இதுக்குள்ள இடிய எறக்குனா அது எங்கீங்க போகும்? உங்க வீட்டுக்குள்ளதான் சுத்தும்" என்றார். மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஈரம் இருக்குமே, அங்கே தோண்டலாம் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். இடி இறங்கும்போது குழியைச் சுற்றி மண்ணிலேயே வோல்டேஜ் பரவும். மாட்டுக்கு முன்னங்காலும் பின்னங்காலும் தள்ளித் தள்ளி இருப்பதால் அந்த வித்தியாசம் உடம்பு வழியாகப் பாயும். எனக்கு அது தெரியாது. தொட்டியடியில் நின்ற காங்கேயம் பசுவைப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. கடைசியில் பாத்திரம் கழுவும் தண்ணீர் வாழைக்குப் போகிற வாய்க்கால் ஓரமாகத் தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடிப் பழைய குழியோடும் இணைத்தார். இப்போது 4 ஓம். கூலியும் சாமானும் சேர்த்து 5,800 ரூபாய். மொத்தச் செலவில் எனக்கு மிகவும் திருப்தி தந்தது இதுதான். ஆடியோக்காரர்கள் அதிகம் பேசாததும் இதுதான்.

அடுத்து, வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துவிடுகிற டிபி பெட்டியில் ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப். எம்சிபி (டிரிப் ஸ்விட்ச்) மாதிரி உட்காருகிற சின்னப் பெட்டி, முகப்பில் வோல்டேஜ் எண்ணாக ஓடும். 1,150 ரூபாய். மேலே 265, கீழே 180 என்று வைத்தேன். மதியத்தில் மோட்டார் ஓடும்போதெல்லாம் வீட்டையே அணைத்துவிட்டது. "என்ற கண்ணு, காப்பி வெக்கறதுக்குள்ள மூணு தடவ இருட்டாயிருச்சு" என்று அம்மா கேட்ட பிறகு கீழ் அளவை 165க்கு இறக்கினேன். இப்போது தொந்தரவில்லை. மல்டிமீட்டரோடு ஒப்பிட்டால் 3, 4 வோல்ட் கூடக் காட்டுகிறது. திரும்பக் கரண்ட் விட மூன்று நிமிஷம் காத்திருக்கும்படி வைத்திருக்கிறேன், அது பிரிட்ஜுக்கு நல்லது. நியூட்ரல் கட்டுக்கு மருந்து இதுதான். கிராமத்து லைனில் இருக்கிறவர்கள் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

டிபி பெட்டியில் மாட்டுகிற சர்ஜ் தடுப்பான் எஸ்பிடியைக் கோவை காந்திபுரத்தில் வாங்கினேன், 2,400 ரூபாய். டைப் 2, 40 கேஏ (40,000 ஆம்பியர்). கடையில் நிரந்தரமாகத் தாங்கும் அளவு 275 வோல்ட், 320 வோல்ட் என்று இரண்டு வகை எடுத்து வைத்தார்கள். ராத்திரி 255 ஓடுகிற வீட்டுக்கு 275 கழுத்துக்கு மேல் கத்தி. 320தான் சரி. மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். அண்ணன் அழகுக்காக ஒயரைப் பெட்டியைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்திருந்தார். கேட்டுக்கொண்டு மாற்றச் சொன்னேன். எஸ்பிடிக்கு வருகிறதும் எர்த்துக்குப் போகிறதும் சேர்த்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். நீளம் கூடினால் அந்த ஒயரிலேயே வோல்டேஜ் ஏறி, காப்பாற்ற வேண்டிய பொருளுக்குப் போய்ச் சேரும். அதன் ஜன்னல் பச்சையாக இருந்தால் நல்லது, சிவப்பானால் உள்ளே செருகியிருக்கும் துண்டை மட்டும் உருவி மாற்றலாம்.

இதற்கெல்லாம் பிறகுதான் செட்டுக்குப் புது ஸ்பைக் கார்டு. 1,900 ரூபாய். எம்ஓவியோடு வெப்ப பியூஸ் உண்டா, பாதுகாப்பு போய்விட்டால் சொல்கிற விளக்கு உண்டா என்று மட்டும் பார்த்தேன். அமெரிக்கக்காரர்கள் 330 வோல்ட்டில் மட்டுப்படுத்துவதைத் தேடி வாங்கு என்பார்கள். அது அவர்களுடைய 120 வோல்ட்டுக்கு. நம் 230 வோல்ட்டின் உச்சியே 325, அதை இங்கே தேடக் கூடாது. சாக்கெட்டுகள் நெருக்கமாக இருப்பதால் இரண்டு அடாப்டர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவில்லை, அதுதான் குறை. சத்தத்தில் எந்த மாற்றமும் என் காதுக்குக் கேட்கவில்லை. ஆம்ப், டிஏசி, டர்ன்டேபிள், டிவி எல்லாம் இதே பலகையில்தான். தனித்தனிச் சுவரில் மாட்டினால் ஹம் (ஸ்பீக்கரில் ஓயாத ரீங்காரம்) வரலாம், இடி நேரத்தில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வோல்டேஜ் வரும்.

மொட்டை மாடி டிஷ் கேபிளை மறந்துவிடாதீர்கள். இடி அதன் வழியாக வந்து செட் டாப் பாக்ஸ், ஹெச்டிஎம்ஐ என்று ஆம்ப் வரை நடந்து வரும். கேபிள் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் அதன் உறையை எர்த்தோடு கட்டிவிட்டோம்.

ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பவர்களுக்கு: ரிலே மாறுவதற்குள் சர்ஜ் வந்து போய்விடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் என் டொராய்டல் கொர்ரென்று உறுமியது. ஆம்ப் ஓட்டுவதென்றால் சைன் வேவ்தான்.

வாடகை வீடாக இருந்து டிபியைத் தொட முடியாதென்றால், செட்டுக்கு மட்டும் பிளக்கில் மாட்டுகிற கட் ஆஃப் கிடைக்கிறது. அதற்குப் பின்னால் ஸ்பைக் கார்டைப் போடுங்கள்.

போன சித்திரையில் மறுபடி அதே கம்பத்தில் நியூட்ரல் போனது. வீடு டக்கென்று அணைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், கட் ஆஃப் முகப்பில் 318 நின்றது. ஹாலில் ஒரு நாற்றமும் இல்லை. லைன் சரியாகிக் கரண்ட் வந்து மூன்று நிமிஷம் கழித்து, நிறுத்திய இடத்திலிருந்து பாட்டைப் போட்டேன். ஆனாலும் வானம் கருக்கும்போது அப்பா செய்த மாதிரியே பிளக்கையும் டிஷ் கேபிளையும் பிடுங்கி வைத்துவிடுகிறேன். நேராக விழுகிற இடியை இந்தப் பொருள்கள் எதுவும் தாங்காது.