"100% கோதுமை ஓட்ஸ் பிரெட்" வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கோவையில் வீட்டிலேயே பிரெட் செய்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுவிலும் விற்கிற ஒருவரைப் பற்றிய பதிவு இது. உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். அது ஒரு முடிவுக்கு வரும்வரை பெயரைப் போடப் போவதில்லை, இன்பாக்ஸில் கேட்க வேண்டாம். இதே மாதிரி விற்கிறவர் அவர் ஒருவர்தான் என்றும் நான் நம்பவில்லை.

லேபிளில் இருந்த வாசகம்: "100% முழு கோதுமை, ஓட்ஸ். மைதா இல்லை, கலர் இல்லை, பிரிசர்வேட்டிவ் இல்லை." 400 கிராம் 180 ரூபாய். கடையில் பிரவுன் பிரெட் விற்கிற விலைக்கு இது மூன்று மடங்கு. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் விலையைப் பார்க்காமல் வாரா வாரம் வாங்கிக்கொண்டிருந்தோம். காலையில் இரண்டு துண்டு டோஸ்ட், சர்க்கரை போடாத காபி, அவருக்கு அது போதும்.

நானும் வீட்டில் பிரெட் செய்கிறவள்தான். சுத்தக் கோதுமை மாவில் செய்தால் அவருடையது மாதிரி எனக்கு எழும்பியதே இல்லை. அதற்குக் காரணம் உண்டு. தவிட்டுத் துணுக்குகள் மாவின் குளூட்டன் (கோதுமையில் உள்ள, மாவை இழுபடச் செய்கிற புரதம்) இழைகளை அறுத்துவிடும், காற்று நிற்காது. ஓட்ஸில் கோதுமையைப் போல இழை கட்டுகிற குளூட்டனே கிடையாது, அதைச் சேர்க்கச் சேர்க்க பிரெட் இன்னும் கனக்கும். ஓட்ஸின் வழவழப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உள்ளே ஈரமாகவும் இருக்கும். இவருடைய பிரெட்டோ பஞ்சு மாதிரி. உயரமாக, ஒரே சீரான காப்பி நிறத்தில், மேலே மட்டும் ஓட்ஸ் ஒட்டிக்கொண்டு.

எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "நைட் முழுக்க ஊற வெப்பேனுங்க அக்கா, அதான் சீக்ரெட்" என்றார். ஊற வைத்தால் மிருதுவாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உயரத்துக்கு அது போதாது.

பிறகு அவரே ஆன்லைன் வகுப்பு அறிவித்தார். "நம்ம ஓட்ஸ் பிரெட், அதே சுவை, அதே சாஃப்ட்னஸ், உங்க வீட்டு ஓடிஜி-யில்." ஓடிஜி என்பது வீட்டில் வைக்கிற சின்ன மின்சார அடுப்பு. கட்டணம் 1,499. கற்றுக்கொண்டால் வாங்க வேண்டியதில்லையே என்று ஜிபேயில் கட்டினேன். வகுப்புக்கு முந்தின நாள் இரவு அளவுகள் அடங்கிய பிடிஎஃப் வந்தது.

ஒரு லோஃபுக்கு மைதா 210 கிராம். கோதுமை மாவு 30. ஓட்ஸ் 15, பக்கத்திலேயே "மேலே தூவ" என்று குறிப்பு. சர்க்கரை 20, எண்ணெய் 15, தண்ணீர் 150. ஈஸ்ட், உப்பு. பிரெட் இம்ப்ரூவர் (பிரெட் நன்றாக எழும்பி மிருதுவாக வரச் சேர்க்கிற பொடி) 2 கிராம். கேரமல் கலர் கால் டீஸ்பூன்.

மைதா இல்லை, கலர் இல்லை என்ற லேபிள் ஃப்ரிட்ஜ் மேல் இருந்த பாக்கெட்டில் அப்போதும் ஒட்டியிருந்தது.

உடனே மெசேஜ் போட்டேன். வந்த பதில்: "அக்கா அது க்ளாஸுக்கு மட்டுமுங்க. புதுசா செய்யறவங்களுக்கு ஈஸியா வரட்டும்னு போட்டேன். ஆர்டருக்கு வேற ரெசிபி." சரி என்று விட்டிருக்கலாம். ஆனால் அதே பிடிஎஃப்பில் பக்கத்துக் கட்டத்தில் 20 லோஃபுக்கான கணக்கும் இருந்தது: மைதா 4.2 கிலோ, கோதுமை மாவு 600 கிராம், கலர் 5 டீஸ்பூன். தலைப்பு "டெய்லி ஆர்டர்". புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் எவர் வீட்டு ஓடிஜி-யில் தினமும் 20 லோஃப் போடுகிறார்? இதைக் கேட்டதும் பேச்சு மாறியது. "எல்லாரும் இப்படித்தாங்க பண்றாங்க, சுத்தக் கோதுமையில போட்டா ஒருத்தரும் ரெண்டாவது தடவ வாங்க மாட்டாங்க." பணத்தைத் திருப்பிக் கேட்டேன். குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டு, நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். வகுப்புக்கான லிங்க் வரவே இல்லை.

மைதாவுக்கும் கோதுமை மாவுக்கும் கிலோவுக்கு அப்படி ஒன்றும் பெரிய விலை வித்தியாசம் இல்லை. ஆகவே இது மாவுக் காசை மிச்சம் பிடிக்கிற வேலை என்று தோன்றவில்லை. மைதாவில் தோல்வி குறைவு, சீக்கிரம் எழும்பும், படத்தில் அழகாக விழும். கூடுதல் விலை வாங்கித் தருவது ஓட்ஸ் என்ற பெயர். அந்த ஓட்ஸின் அடக்கம் ஒரு லோஃபுக்கு மூன்று ரூபாய் இருந்தால் அதிகம்.

என்னை இதைவிடக் கோபப்படுத்தியது வேறொன்று. அந்தக் குழுவில் ஒரு அம்மா, தன் குழந்தைக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்ளாது, இதைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். "மைதா இல்லாததால இது குளூட்டன் ஃப்ரீதாங்க" என்று இவர் பதில் போட்டிருக்கிறார். கோதுமையில் செய்த எதுவும் குளூட்டன் ஃப்ரீ ஆகாது, மைதா சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும். சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படுகிற நோய்) உள்ள குழந்தைக்கு இந்தப் பேச்சை நம்பிக் கொடுத்தால் குடல் புண்ணாகிப் போகும். அந்த அம்மாவின் நம்பர் என்னிடம் இல்லை. இதைப் படித்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

சர்க்கரைக்காக வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. குளூக்கோமீட்டரில் அப்பாவுக்கு ஏறியதை நான் ஆதாரமாகக் காட்டவில்லை. நைசாக அரைத்த முழுக் கோதுமை மாவில் செய்த பிரெட்டும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். புகார் கொடுக்கும்போது இதை முக்கியக் காரணமாகச் சொன்னால் எதிராளி எளிதாகத் தப்பித்துக்கொள்வார். லேபிளில் உள்ளதும் பாக்கெட்டுக்குள் உள்ளதும் ஒன்றில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். முழுக் கோதுமை பிரெட்டை வெட்டினால் உள்ளே தவிட்டுப் புள்ளிகள் தெரியும், நிறம் மங்கலான பழுப்பாக, அங்கங்கே கூடக் குறைய இருக்கும். ஒரு துண்டைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் தவிடு அடியில் தங்கும். புள்ளியே இல்லாமல் ஒரே சாயலில் பழுப்பாக இருந்தால் கலராக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மைதாவில் ஒரு பிடி தவிட்டைக் கலந்துவிட்டால் இந்தச் சோதனையும் ஏமாற்றும். ஆகவே காசு கொடுக்கும் முன் லேபிளைக் கேளுங்கள். மூலப்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. முதல் பெயர் "கோதுமை மாவு" என்று பொதுவாக இருந்தால், முழுக் கோதுமையா, சுத்திகரித்ததா, அதாவது மைதாவா என்று திருப்பிக் கேளுங்கள். ஓட்ஸ் உப்புக்குப் பிறகு வந்தால் அது அலங்காரம்தான். லேபிளில் சேர்க்கைப் பொருள்களுக்குப் போடுகிற ஐஎன்எஸ் எண்களில் 150 என்று தொடங்குவது கேரமல் கலர், 282 கால்சியம் புரோப்பியோனேட் என்கிற பிரிசர்வேட்டிவ். இரண்டும் அனுமதிக்கப்பட்டவைதான். இல்லை என்று எழுதிவிட்டுப் போடுவதுதான் குற்றம்.

வீட்டில் செய்து விற்கிறவருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். அந்த எண் 14 இலக்கம். ஃபாஸ்காஸ் (FoSCoS) என்கிற அந்த ஆணையத்தின் இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். இவருடைய லேபிளில் இருந்தது 13 இலக்கம்.

ஒப்பிட்டுப் பார்க்க, நான் செய்கிற அளவையும் சொல்லிவிடுகிறேன். ஓட்ஸ் 40 கிராமை 80 மில்லி கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஆறவிடுவேன். மில்லில் அரைத்த கோதுமை மாவு 250 கிராமுக்குத் தண்ணீர் 185 மில்லி; கல்லில் அரைபட்ட நம் மாவு அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், மைதா அளவில் ஊற்றினால் வறண்டு போகும். பிசைந்து அரை மணி நேரம் சும்மா விட்டு, அப்புறம்தான் ஈஸ்ட்டும் உப்பும் ஊறிய ஓட்ஸும். இது அவருடையதில் முக்கால் உயரம்தான் வரும். முழுக்க ஆறின பிறகே வெட்ட வேண்டும், இல்லையென்றால் உள்ளே பிசுபிசுக்கும்.

புகார் விஷயத்துக்கு வருகிறேன். பணத்துக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன். அது நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் இல்லை. தவறான லேபிளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 52-இன்படி 3 லட்சம் வரை அபராதம் உண்டு. வாங்குகிறவரே பணம் கட்டி ஆய்வுக்கு அனுப்பப் பிரிவு 40 இடம் தருகிறது, ஆனால் ஆய்வுக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே விற்கிறவரிடம் சொல்லிவிட வேண்டும். நாம் அப்படிச் சொன்ன பிறகு அன்றைக்கு யார் மைதா பிரெட்டை எடுத்து நீட்டுவார்கள் என்று எனக்கும் புரியவில்லை. அதனால் அதிகாரியே நேரில் போய் மாதிரி எடுக்கட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வகுப்புக்குப் பணம் கட்டியவர்கள், பிரெட் வாங்கியவர்கள் லேபிள் படம், பிடிஎஃப், ஜிபே ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். குழுவில் அவர் "குளூட்டன் ஃப்ரீ" என்று போட்ட மெசேஜ் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள், என்னை நீக்கிய பிறகு அந்த வாட்ஸ்அப் உரையாடலைத் தவறுதலாக அழித்துவிட்டார் என் தம்பி.