துக்கத்தில் இருப்பவருக்கு எந்த நாவல்?

பெரியம்மா மகள் காரைக்குடியில் இருக்கிறாள். எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். அத்தான் போய் எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் போன் பண்ணி, "மாயமும் காதலும் இருக்கணும், ஆனா செத்தவங்களப் பத்திப் பொய் சொல்லாத கதையா ஒண்ணு குடு" என்று கேட்டாள். என் அலமாரியில் அதற்குப் பொருந்துவது இரண்டுதான், இரண்டையும் திரும்பப் படித்துவிட்டு எழுதுகிறேன். முடிவைத் தொடாமல் இவற்றை ஒப்பிட முடியாது, அதனால் கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலாவது லாரா எஸ்கிவெலின் 'லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்', மெக்சிகோ நாவல், 1989. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு அத்தியாயம், ஒவ்வொன்றிலும் ஒரு சமையல் குறிப்பு. கடைக்குட்டி டீட்டா கல்யாணமே செய்துகொள்ளாமல் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அவள் நேசித்த பேத்ரோ, அவள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று அவள் அக்காவையே கட்டிக்கொள்கிறான். அந்தக் கல்யாணத்துக்குக் கேக் செய்யும்போது டீட்டாவின் கண்ணீர் மாவில் விழுகிறது, சாப்பிட்டவர்கள் எல்லாரும் தாங்கள் இழந்த காதலை நினைத்து அழுகிறார்கள். இதை நம்புவதற்கு நமக்கு ஒரு சிரமமும் இல்லை. மனசு சரியில்லாத அன்றைக்கு வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஆட்டக் கூடாது, எண்ணெயில் உப்பி வராது என்று சொல்லும் ஆயாவிடம் வளர்ந்தவர்கள்தானே நாம்.

துக்கமும் அதில் நன்றாகவே வருகிறது. தான் பாலூட்டி வளர்த்த அக்கா பிள்ளை இறந்ததும் டீட்டா புறாக்கூண்டில் ஏறி உட்கார்ந்துவிடுகிறாள், பேச்சே நின்றுபோகிறது. மருத்துவர் வீட்டுக்குக் கூட்டிப்போகிறார். அப்போது தூக்கமில்லாத இரவுகளில் அவள் பின்னிய போர்வை வண்டிக்குப் பின்னால் நீளமாக இழுபட்டுக்கொண்டே போகும். மாதக்கணக்கில் அழ முடியாதவளை ஒரு கிண்ணம் மாட்டுவால் சூப்தான் அழ வைக்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வளவில், வீட்டு நடு முற்றத்தில், உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் முடிவில் எனக்கு மனத்தாங்கல். பேத்ரோ இறக்கிறான், டீட்டாவும் அதே இரவில் அவனோடு போய்விடுகிறாள், பண்ணையே எரிந்து சாம்பலாகிறது. காதல் கதைக்கு இதைவிடப் பெரிய முடிவு கிடையாது, சரி. ஆனால் அழுவதற்கு யார் மிச்சம்? ஆச்சி மிச்சம் இருக்கிறாளே, காலையில் எழுந்து முகப்பில் கோலம் போட வேண்டியிருக்கிறதே.

இரண்டாவது ஆட்ரி நிஃபெனெகரின் 'தி டைம் டிராவலர்ஸ் வைஃப்', 2003. ஹென்றி சிகாகோவில் நூலகர், அவனை அறியாமலே காலம் அவனை முன்னும் பின்னும் தூக்கிப் போடுகிறது. கிளேர் அவனை முதலில் பார்க்கும்போது அவளுக்கு ஆறு வயது, அவனுக்கு முப்பத்தாறு. (அந்த வயது வித்தியாசம் சிலரை உறுத்தும், என்னையும் உறுத்தியது.) நாவல் நீளம், நடுவில் இழுவை, சாப்பாட்டு வாசனை எதுவும் கிடையாது. எழுத்தழகில் மெக்சிகோ நாவல்தான் மேல்.

இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். காலம் தாண்டி வரும் ஹென்றியால் உடுத்திய துணியைக்கூடக் கொண்டுவர முடியாது, வெற்றுடம்போடுதான் வந்து விழுவான். அதனால் அந்தச் சின்னப் பெண் அவனுக்காகத் துணி எடுத்து மறைத்து வைக்கிறாள். எப்போது வருவான் என்று 152 தேதிகள் எழுதிய பட்டியலும் வைத்திருக்கிறாள். இதைப் படிக்கும்போது எனக்குப் படைப்பு வீடுதான் ஞாபகம் வந்தது. போனவர்களுக்குப் புதுச் சேலையும் வேட்டியும் வைத்து, சமைத்துப் பரிமாறி, வருவார்கள் என்று நம்பிக் கும்பிடுகிறோமே, அதேதான். அப்புறம் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்களின் வீட்டுப் பெண்கள். மூன்று வருஷக் கணக்கு முடிந்து எப்போது கப்பல் ஏறுவார் என்று காத்திருந்த அப்பத்தாக்களுக்குக் கிளேரைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாற்பத்து மூன்று வயதில் ஹென்றி சாகிறான். மாயம் அவனைக் காப்பாற்றவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. கிளேர் இருக்கிறாள், வயதாகிறது, எண்பத்திரண்டு வயதில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, பழைய காலத்திலிருந்து அவன் வருகிறான். மாயத்தில் கிடைப்பது அவ்வளவுதான், மற்ற வருஷமெல்லாம் அவள் சும்மா வாழ்ந்த வருஷங்கள்.

காதல்தான் வேண்டும், வயிறும் மனசும் நிறைய வேண்டும் என்றால் மெக்சிகோ நாவல், இரண்டு நாளில் முடித்துவிடலாம். யாரையாவது பறிகொடுத்திருந்தால் கிளேர்.

ஆச்சிக்கு இதைத்தான் அனுப்பினேன். நேற்று ராத்திரி பத்தரைக்கு போன். துணி எடுத்து வைக்கும் இடம் வரை வந்திருக்கிறாள். "அத்தான் வேட்டியெல்லாம் பீரோவுல அப்படியே கிடக்குடா, யாருக்காவது குடுத்துடுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள். இருக்கட்டும் ஆச்சி என்றேன்.