ஆறு ஆண்டுகளில் முப்பத்தொரு பிரிஸ்கெட்: இறைச்சியும் தொடுகறியும்

2019-ஆம் ஆண்டு டெக்சாஸின் ஆஸ்டின் நகருக்குக் குடிவந்தோம். அந்த ஆண்டின் இறுதியில் முதல் பிரிஸ்கெட்டை, அதாவது புகையில் மெதுவாக வேகவைக்கும் மாட்டு நெஞ்சுக்கறியை, சமைத்தேன். அதிலிருந்து இதுவரை முப்பத்தொன்று சமைத்திருக்கிறேன். எடை, வெப்பம், நேரம், உடன் வைத்த தொடுகறி என எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். அதைப் புரட்டும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சாப்பாடு சரியாக அமையாத நாட்களில் பெரும்பாலும் குற்றம் உப்பிலோ விறகிலோ இல்லை; இறைச்சியையும் தொடுகறியையும் ஒரே நாளில் முடிக்க நினைத்ததில் இருந்தது. இப்போது இறைச்சியை முந்தைய நாளே முடித்துவிடுகிறேன். விருந்து நாளின் காலை முழுவதும் தொடுகறிக்குத்தான்.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கும் நெஞ்சுக்கறி. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. அதனால் முன்பக்க எடையில் பெரும்பகுதியை நெஞ்சுத் தசைகள் சுமக்கின்றன. ஓயாமல் உழைக்கும் தசை என்பதால் இணைப்புத் திசு நிறைய. அவசரமாக வேகவைத்தால் செருப்புத் தோல்போல் இருக்கும். மணிக்கணக்கில் மெதுவாகச் சூடு ஏறினால்தான் அந்தத் திசுவிலுள்ள கொலாஜன் என்ற புரதம் கரைந்து ஜெலட்டினாகி, வாயில் வழுவழுப்பாக உணரும் அந்தச் சாறாக மாறும். நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் இதே நெஞ்சுக்கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் குக்கரில் வைப்பார்கள். இங்கே ஐந்தாறு கிலோவை முழுதாக அடுப்பில் ஏற்றுகிறார்கள். இரண்டும் ஒரே சிக்கலுக்கான இருவேறு வழிகள்.

வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான். முழுத் துண்டில் இரண்டு தசைகள் இருக்கும்: கொழுப்பு குறைந்த, தட்டையான ஃபிளாட், அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், கொழுப்பு மிகுந்த பாயிண்ட். ஃபிளாட்டின் ஓரம் மெலிந்துபோயிருந்தால் அந்த இடம் நிச்சயம் காய்ந்துவிடும். ஆகவே ஓரம்வரை தடிமனாக இருப்பதைத் தேடுகிறேன். அமெரிக்கத் தர வரிசையில் முதலில் வரும் பிரைம் தரத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீணில்லை என்றாலும், அதற்கு அடுத்த சாய்ஸ் தரத்தில் தடித்த ஃபிளாட் கிடைத்தால் அதையே எடுப்பேன். ஆறு கிலோ வாங்கினால் கொழுப்பைச் சீவி, சமைத்து முடித்தபின் தட்டுக்கு வருவது ஏறக்குறைய மூன்று கிலோ. பன்னிரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். மேல் கொழுப்பை அரை சென்டிமீட்டர் அளவு மட்டும் விட்டுச் சீவுகிறேன். சீவிய கொழுப்பை எறிவதில்லை. அது பிறகு பீன்ஸுக்குப் போகும். மசாலா உப்பும் கொரகொரப்பாக உடைத்த மிளகும் மட்டுமே. மல்லி, சீரகம், பூண்டுத் தூள் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு இதற்கே திரும்பினேன். விறகு, இங்கே எங்கும் கிடைக்கும் போஸ்ட் ஓக் என்ற ஓக் மர வகை.

முதல் தடவை ஏழு மணி விருந்துக்கு அழைத்துவிட்டு, பத்தரை மணிக்குத்தான் பரிமாறினேன். வந்திருந்தவர்களின் பிள்ளைகள் சோபாவிலேயே தூங்கிவிட்டார்கள். என்ன நடந்தது என்றால், இறைச்சியின் உள்வெப்பம் 68 டிகிரி செல்சியஸுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. நான்கு மணி நேரம் அசையவில்லை. வெப்பமானி கெட்டுவிட்டது என்று நினைத்துத் தீயைக் கூட்டினேன்; அடிப்பக்கம் கருகியது. இதை இங்கே 'ஸ்டால்' என்கிறார்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். மேற்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்கிறது. அடுப்பு கொடுக்கும் சூடும் ஆவி கொண்டுபோகும் சூடும் சமமாகிவிடுவதால் முள் நகர்வதில்லை. ஈரம் குறைந்ததும் தானாகவே ஏறும். காத்திருக்க முடியாவிட்டால் இறைச்சியைச் சுற்றிவிட வேண்டும். அலுமினியத் தாளில் சுற்றினால் விரைவாக முடியும், ஆனால் வெளியே உருவான கருமையான மொறுமொறுப்பு ஊறிப்போகும். இறைச்சிக் கடைகளில் பயன்படுத்தும் மெழுகு பூசாத பழுப்புத் தாள் கொஞ்சம் ஆவியை வெளியே விடுகிறது. ஆஸ்டினில் 2009-இல் ஒரு டிரெய்லரில் பார்பிக்யூ கடை தொடங்கிய ஆரன் ஃபிராங்க்ளின் மூலம் இந்தத் தாள் வீடுகளுக்கும் பரவியது. நானும் நான்காவது பிரிஸ்கெட்டிலிருந்து அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

கருவி விஷயத்தில் பெரிய செலவு தேவைப்படவில்லை. 22 அங்குல வட்டக் கரியடுப்பு ஒன்று, நல்ல வெப்பமானி ஒன்று, நீளமான கத்தி ஒன்று. மலிவாக வாங்கிய முதல் வெப்பமானி ஆறு டிகிரி தவறாகக் காட்டியது. கொதிக்கும் நீரில் வைத்துப் பார்த்த பிறகுதான் அது தெரிந்தது. இப்போது ஒவ்வொரு முறையும் அந்தச் சோதனையைச் செய்கிறேன். அடுப்பை 120 டிகிரியில் வைத்து ஆறேழு மணி நேரம் புகையில் விடுகிறேன். நிறம் பிடித்ததும் தாளில் சுற்றி, வீட்டுக்குள் ஓவனுக்கு மாற்றிவிடுகிறேன். இதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் இரண்டு விதமாகவும் பலமுறை சமைத்துப் பார்த்துவிட்டேன்; சுற்றிய பிறகு புகை அதிகம் உள்ளே போவதில்லை, சூடுதான் வேண்டும். அந்தச் சூட்டை ஓவன் சீராகத் தருகிறது. இரவு முழுவதும் கரி போட்டுக் கொண்டிருக்க வேண்டியதில்லை. உள்வெப்பம் 95 டிகிரியை நெருங்கும்போது ஒரு குச்சியால் ஃபிளாட்டைக் குத்திப் பார்ப்பேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் எடுத்துவிடலாம். வெப்பமானி காட்டும் எண்ணைவிட அந்தக் குச்சியை நம்புங்கள்.

எடுத்தபின் நான் செய்துவந்ததில்தான் பெரிய மாற்றம். தொடக்கத்தில் அரை மணி நேரம் விட்டு வெட்டுவேன். பலகை முழுவதும் சாறு ஓடும். பிறகு துணி சுற்றி, ஐஸ் போடாத, சூடு வெளியேறாத கூலர் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் வைத்தேன். வித்தியாசம் உடனே தெரிந்தது. பிறகு இரவு முழுவதும் ஓவனில் வைத்துப் பார்த்தேன். எங்கள் ஓவனின் குறைந்தபட்ச வெப்பம் 77 டிகிரி; விடிந்து பார்த்தபோது ஃபிளாட் துண்டாக நிற்காமல் நார்நாராக உதிர்ந்தது. ஓவனின் அமைப்பில் வெப்ப அளவைத் திருத்திக்கொள்ளும் வசதி இருப்பது பிறகுதான் தெரிந்தது. அதை 66 டிகிரிக்கு இறக்கினேன். இப்போது இறைச்சியை முதலில் மேசையில் வைத்து 80 டிகிரிவரை ஆறவிட்டு, அதன் பின் ஓவனில் வைக்கிறேன். பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் சாறு குறையாமல் இருக்கிறது. ஒரே நிபந்தனை: உள்வெப்பம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கவே கூடாது, அதற்குக் கீழே கிருமிகள் பெருகும். வெப்பமானியை இறைச்சியிலேயே விட்டுவிடுங்கள்.

தொடுகறிக்கு வருகிறேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு அதிக காலம் ஆனது. முதல் இரண்டு ஆண்டுகள் சீஸ் ஊற்றிய மக்ரோனி, மயோனைஸில் குளித்த முட்டைக்கோஸ், வெண்ணெய் தடவிய சோளம் என்று வைத்தேன். எல்லாமே தனித்தனியாகச் சுவையானவை. ஆனால் பிரிஸ்கெட்டின் பக்கத்தில் கொழுப்பின் மேல் கொழுப்பு. நான்காவது துண்டிலேயே நாக்கு சோர்ந்துவிடும். மீந்த இறைச்சியைப் பார்த்து என் சமையலில்தான் குறை என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்டினுக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் லாக்ஹார்ட் என்ற சிற்றூர் வரும். 1999-இல் டெக்சாஸ் சட்டமன்றம் இதை மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகர் என்று அறிவித்தது. அங்கே 1900 முதல் இயங்கும் கிரூஸ் மார்க்கெட்டுக்குப் போனபோது இறைச்சியைத் தாளில் வைத்துத் தந்தார்கள். உடன் சாப்பிட உப்பு பிஸ்கெட், பச்சை வெங்காயம், ஊறவைத்த வெள்ளரி. ஜெர்மனி, செக் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் நடத்திய இறைச்சிக் கடைகளில் தொடங்கிய வழக்கம் இது. விற்காத கறியைப் புகையில் வைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் கடையிலேயே கிடைத்த வெங்காயத்தையும் ஊறுகாயையும் சேர்த்துத் தின்றார்கள். புளிப்பும் காரமும் நறுக்கென்ற கடியும் அப்படித்தான் பக்கத்தில் வந்து சேர்ந்தன.

நான் லாக்ஹார்ட் போன அதே ஆண்டு அம்மா வந்திருந்தார். ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டு, "மக்களே, கறி நன்றாக இருக்கிறது. இதற்கு வெங்காயம் வேண்டும்" என்று எழுந்து போனார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, வினிகர் போட்டுப் பிசைந்து கொண்டுவந்து வைத்தார். அன்று இறைச்சி மீதமாகவில்லை.

இப்போது என் மேசையில் நிரந்தரமாக இருப்பவை நான்கு. அம்மாவின் வெங்காயம் முதலில். அடுத்தது முட்டைக்கோஸ்: மெல்லியதாக நறுக்கி, உப்பில் அரை மணி நேரம் விட்டுப் பிழிந்து, வினிகரும் கடுகு விழுதும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்க்கிறேன், மயோனைஸ் இல்லாமல். உருளைக்கிழங்கு சாலட்டில் கிழங்கு சூடாக இருக்கும்போதே வினிகரைத் தெளித்துவிடுவது முக்கியம். ஆறிய கிழங்கு அதை அவ்வளவாக இழுக்காது. நான்காவது பின்டோ பீன்ஸ். முந்தைய இரவு ஊறவைத்து, சீவிய கொழுப்பை உருக்கி வெங்காயம், சீரகம், காய்ந்த மிளகாய் வதக்கி அதிலேயே வேகவைக்கிறேன். பாயிண்டின் கருகிய ஓரங்களை நறுக்கிக் கடைசியில் போடுவேன். குழந்தைகள் கேட்டால் மக்ரோனி உண்டு, சிறிய கிண்ணத்தில். சாதம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. இந்த இறைச்சிக்கு வெறும் வெள்ளை ரொட்டியே பொருந்துகிறது.

வெட்டும்போது நாரின் குறுக்கே, பென்சில் தடிமனில் வெட்டுங்கள். பாயிண்டில் நார் வேறு திசையில் ஓடும். அங்கே துண்டைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் காய்ந்துவிடும், தின்னத் தின்ன வெட்டுவதே சரி.

மறுநாள் மீந்த பாயிண்டைக் கொத்தி, தேங்காய்க் கொத்தும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வறுக்கிறேன். இங்குள்ள கடைகளில் மரச்சீனிக்கிழங்கு யூக்கா என்ற பெயரில் உறைநிலையில் கிடைக்கிறது. அதை அவித்து, தேங்காயும் மஞ்சளும் சேர்த்து மசித்து அதன் மேல் இந்த வறுவலை வைத்தால், எங்கள் வீட்டில் முதல் நாள் விருந்தைவிட அதற்கே தட்டுகள் சீக்கிரம் காலியாகின்றன.