டூல்பாத்ல ஒரு பாயிண்ட்டை நகர்த்தணும்னா எங்க நகர்த்துறது? ஜி-கோடா, ஆஃப்செட்டா, டூல்பாத் எடிட்டரா, ஜியாமெட்ரியா

கேம்ல (சிஎன்சி மெஷினுக்கு ப்ரோக்ராம் போடுற சாஃப்ட்வேர்) போட்ட பாத், அதாவது கட்டர் போற வழி, முக்கால்வாசி நல்லாத்தான் வரும், ஆனா ஏதோ ஒரு இடத்துல லீட்-இன் (கட்டர் உள்ள நுழையுற மூவ்) போய் ஜாபைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப்ல இடிக்கிற மாதிரி நிக்கும், இல்ல கட்டர் இறங்குற இடம் சரியா ஃபினிஷ் தெரியுற மூஞ்சியில வந்து மார்க் விழும். ப்ரோக்ராமர் "மறுபடி போஸ்ட் பண்ணித் தர்றேன்"னு சொல்வார் (போஸ்ட்னா பாத்தை மெஷின் படிக்கிற ஜி-கோடா மாத்துறது), மெஷின்ல நிக்கிறவர் "அட நானே எடிட்ல மாத்திக்கிறேன் விடுங்க"ன்னு சொல்வார். ரெண்டுமே தப்பில்ல. என்னைக் கேட்டா முதல்ல பாக்க வேண்டியது அந்த ஜாப் திரும்ப வருமா வராதாங்கிறதைத்தான், சாஃப்ட்வேர் எதுங்கிறதெல்லாம் அப்புறம்.

ஜி-கோடுல நேரா கை வைக்கிறது வேகமான வழி. ரீட்ராக்ட் (கட்டரை மேல தூக்குற உயரம்) இசட் 50ஐ 10 ஆக்குறது, ஃபீட் (கட்டர் நகர்ற வேகம்) குறைக்கிறது, நேர்கோட்டு மூவ்ல லீட்-அவுட்டை (வெளிய வர்ற மூவ்) 5 மில்லி தள்ளி விடுறது, இதுக்கெல்லாம் கேமைத் திறக்கிறது வேஸ்ட் (ரீட்ராக்ட்டைக் குறைக்கிறப்போ நடுவுல கிளாம்ப் இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க). வில்லங்கம் ஆர்க்லதான் (வளைவு மூவ்) ஆரம்பிக்கும். எக்ஸ்10 ஒய்0ல இருந்து ஜி03 எக்ஸ்0 ஒய்10 ஐ-10 ஜே0ன்னு ஒரு கால் வட்டம் இருக்குன்னு வைங்க (ஐ, ஜே ரெண்டும் ஸ்டார்ட்ல இருந்து சென்டர் எவ்ளோ தள்ளி இருக்குங்கிறது). "ஒய்ல கொஞ்சம் தள்ளிக்கலாம்"னு 10ஐ 10.05 ஆக்கினா சென்டர் பழைய இடத்துலயே இருக்கும், ஸ்டார்ட்ல ரேடியஸ் 10, எண்ட்ல 10.05. ஃபானுக் கண்ட்ரோலர்ல 3410 பாராமீட்டர்ல வச்சிருக்கிற டாலரன்ஸைத் தாண்டினா 020 அலாரம் அடிச்சு நிக்கும், நின்னா நல்லதுன்னு வச்சுக்கங்க. அந்த டாலரன்ஸுக்குள்ள அடங்கிட்டா சத்தமே இல்லாம வட்டம் கோணலா போயிட்டே இருக்கும். இன்னொண்ணு புள்ளி. கால்குலேட்டர் டைப் (புள்ளி இல்லாத எண்ணை முழு மில்லியா எடுத்துக்கிற செட்டிங்) ஆன் பண்ணாத ஃபானுக்ல எக்ஸ்100ன்னு புள்ளி இல்லாம அடிச்சா அது 100 மில்லி கிடையாது, 0.1 மில்லி. அவசரத்துல எடிட் பண்றப்போ இந்தப் புள்ளிதான் முதல்ல மறந்து போகும்.

கை எடிட்ல இதைவிடப் பெரிய தொந்தரவு ஒண்ணு இருக்கு, கேமுக்கு அது தெரியவே தெரியாது. ரஃபிங்ல (மெட்டீரியலை மொத்தமா எடுக்கிற முதல் கட்டம்) ஒரு பாஸை, அதாவது கட்டரோட ஒரு ஓட்டத்தை, அழிச்சுட்டீங்க, அடுத்து வர்ற ரெஸ்ட் மெஷினிங் (மிச்சத்தை மட்டும் எடுக்கிறது) அங்க மெட்டீரியல் போயிருச்சுன்னு நம்பி சின்ன கட்டரை விடும். 6 மில்லி எண்ட்மில் முழு மெட்டீரியலுக்குள்ள போய் மாட்டினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

அடுத்தது ஆஃப்செட், அதாவது மெஷின்லயே போடுற திருத்த அளவு. சைஸ் பிரச்சனைன்னா பாயிண்ட்டைத் தொடவே கூடாதுங்கிறதுல நான் பிடிவாதம். 50 மில்லி பாக்கெட் 49.94 வருதுன்னா அது பாத்தோட தப்பு கிடையாது, கட்டர் தேஞ்சிருக்கு, இல்ல வளையுது. கேம்ல காம்பன்சேஷனை (கட்டர் ரேடியஸுக்காகப் பாத்தைத் தள்ளுறது) வியர் மோடுல (தேய்மானத்தை மட்டும் மெஷின்ல போடுறது) போட்டிருந்தா பாத் ஏற்கனவே கட்டர் ரேடியஸ் அளவு தள்ளித்தான் வரும், மெஷின்ல டி வேல்யூ (ரேடியஸ் திருத்தம்) 0ல இருந்து ஆரம்பிக்கும், ஜி41ல (கட்டரை பாத்துக்கு இடப்பக்கம் தள்ளுற கோட்) -0.03 போட்டா ஒவ்வொரு வால்லயும் (பக்கச் சுவர்) 0.03 கூட எடுக்கும், 50 வந்துரும், அவ்ளோதான். மொத்த ஜாபும் ஒரு பக்கம் சாஞ்சு வருதுன்னா ஜி54ல (ஜாபோட ஜீரோ பாயிண்ட்) மாத்துங்க. ஆனா த்ரீ-டி சர்ஃபேஸ்ல டி ஆஃப்செட் கைகொடுக்காது. நிறைய பேர் அங்க லெங்த் ஆஃப்செட்டை (கட்டர் நீளத்துக்கான அளவு) இறக்கி விடுவாங்க, அது தரையில எடுக்கும், செங்குத்தான வால்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே எடுக்காது. அதுக்கு கேம்ல ஸ்டாக் டு லீவை (விட்டு வைக்கிற மெட்டீரியல் அளவு) மாத்தி ரீஜெனரேட் பண்றதுதான், அதாவது பாத்தை மறுபடி கணக்குப் போட வைக்கிறதுதான், ஒழுங்கான வழி.

இப்போ டூல்பாத் எடிட்டர். மாஸ்டர்கேம்ங்கிற கேம் சாஃப்ட்வேர்ல ஆபரேஷன் மேல ரைட் கிளிக் பண்ணி டூல்பாத் எடிட்டர் போனா பாஸ் பாஸா, பாயிண்ட் பாயிண்ட்டா நடந்து போய் நகர்த்தலாம், அழிக்கலாம், புதுசா சேக்கலாம். திரையில பாத்துக்கிட்டே பண்றதால கை எடிட்டை விட நிம்மதி, எண்ணைத் தேடி ஸ்க்ரோல் பண்ற வேலை இல்ல. டூ-டி கான்டூர்ல ஒரு கிளாம்ப்பைத் தாண்ட ரெண்டு பாயிண்ட் சேக்கணும், ஒரே ஒரு பீஸ்தான் ஓட்டப் போறோம்னா நான் இதைத்தான் எடுப்பேன். விலை என்னன்னா எடிட் பண்ணி வெளிய வந்ததும் அந்த ஆபரேஷன் லாக் ஆயிரும், ஏன்னா ரீஜெனரேட் பண்ணா நீங்க நகர்த்துனது எல்லாம் அழிஞ்சு பழைய பாத் வந்துரும். ஆறு மாசம் கழிச்சு கஸ்டமர் டிராயிங்ல ஒரு ரிவிஷன் மாத்தி அனுப்புவார், அப்போ வேற ஒருத்தர் வந்து லாக் எதுக்குன்னு தெரியாம திறந்து ரீஜெனரேட் அடிப்பார், கட்டர் நேரா கிளாம்ப்ல. அதனால எடிட் பண்ண ஆபரேஷனோட கமெண்ட்லயே "கிளாம்ப்புக்காகக் கையால மாத்தினது"ன்னு எழுதி வைங்க. எடிட்டர் கோஜ் (கட்டர் வெட்டக் கூடாத இடத்தை வெட்டுறது) செக் பண்ணித்தான் பாயிண்ட்டை வைக்கும்னும் நம்ப வேணாம், முடிச்சதும் திரும்ப வெரிஃபை (திரையில வெட்டிப் பாக்குறது) ஓட்டியே ஆகணும்.

த்ரீ-டி ஃபினிஷிங்ல மட்டும் எடிட்டரை மறந்துருங்க. 0.2 ஸ்டெப்-ஓவர்ல (பாஸுக்கு பாஸ் இடைவெளி) பால்நோஸ் (நுனி உருண்ட கட்டர்) ஓடுற கேவிட்டியில (குழிவான பகுதி) ஒரு பாஸ்ல ஒரு பாயிண்ட்டை 0.05 நகர்த்தினா பக்கத்து பாஸ் எல்லாம் பழைய இடத்துல இருக்கும், அந்த ஒரு கோடு மட்டும் பாலிஷ் போட்டாலும் கண்ணுக்குத் தெரியும். அங்க பவுண்டரி போட்டு வெட்டுறது, ஸ்டார்ட் பாயிண்ட்டை நகர்த்துறது, இதுக்கு பவர்மில்ங்கிற கேம் சாஃப்ட்வேர் ரொம்ப வசதி, மூடுன பாஸ் மேல ஒரு கோடு இழுத்தா எல்லா பாஸோட ஸ்டார்ட் பாயிண்ட்டும் அந்தக் கோட்டுக்கு வந்துரும். ஃபியூஷன்ங்கிற சாஃப்ட்வேர்ல பாத்தை ட்ரிம் பண்றது, பாஸை அழிக்கிறது, என்ட்ரியை நகர்த்துறது எல்லாம் இருக்கு, ஆனா தனியா காசு கட்டுற எக்ஸ்டென்ஷன்ல இருக்கு, சின்ன ஜாப் ஷாப்புக்கு அது உறுத்தும்.

திரும்பத் திரும்ப வர்ற ஜாபுக்கு என்னோட ஓட்டு ஜியாமெட்ரி, பாராமீட்டர் பக்கம்தான். கிளாம்ப்பை மாடல்ல போட்டு ஃபிக்ஸ்ச்சர்னு காட்டிருங்க, இல்ல என்ட்ரி பொசிஷனுக்கு ஸ்கெட்ச்ல ஒரு பாயிண்ட் வச்சு செலக்ட் பண்ணுங்க. ஃபியூஷனோட சாதா டூ-டி கான்டூர்லயே லிங்கிங் டேப்ல என்ட்ரி பொசிஷன் இருக்கு, அதுக்குக் காசு வேணாம். முதல் தடவை அரை மணி நேரம் கூட ஆகும், கடுப்பாத்தான் இருக்கும், ஆனா டிராயிங் மாறினாலும் கட்டர் மாறினாலும் ரீஜெனரேட் அடிச்சா அந்தத் திருத்தம் கூடவே வரும்.

மாடலே இல்லாம பழைய என்சி ஃபைல் (ஜி-கோட் ஃபைல்) மட்டும் கைக்கு வந்தா இந்த அலசல் எதுவும் உதவாது, ஜி-கோடுலதான் பண்ணியாகணும். அப்போ நோட்பேட் வேணாம், சிம்கோ எடிட் மாதிரி ஜி-கோட் எடிட்டர் ஒண்ணுல திறந்து பேக்பிளாட்ல (கோடை வச்சு பாத்தை வரைஞ்சு காட்டுறது) பாத்துட்டு மாத்துங்க, பழைய ஃபைலை அப்படியே வச்சுட்டு புது பேர்ல சேவ் பண்ணி ஃபைல் கம்பேர்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. நீங்க மாத்துன லைன் மட்டும் கலர் மாறித் தெரியணும், வேற ஏதாவது லைன் கலர் மாறியிருந்தா மெஷினுக்கு அனுப்பாதீங்க.