அறுபத்தொரு பேருக்கு வாங்கிய லெப்டொப்

2025 ஏப்ரலில் லெனோவோ திங்க்பேட் டி480 ஒன்று வாங்கினேன். பாவித்தது, விலை 82,000 ரூபாய். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விலையைப் பேர்க் கணக்கில் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) சொன்னால்தான் சரியாக விளங்கும்: அப்போது நாட்சம்பளம் 1,350, ஆக இது அறுபத்தொரு பேர். அரைப்பேர் ஒன்றுகூட விழாமல், தீபாவளி அட்வான்ஸும் கடைக்கணக்கும் வெட்டுப்படாமல் இருந்தால், அம்மா ஏறக்குறைய மூன்று மாதம் கொழுந்து எடுத்துக் கொண்டுவரும் காசு. இவ்வளவைக் கொடுத்து ஏழு வருஷப் பழைய சாமானை ஏன் வாங்கினாய் என்று மாமா கேட்டார், பக்கத்துக் காம்பரா (லயத்து வீடு) அக்கா கேட்டார், நான் வேலை செய்யும் கடை முதலாளியும் கேட்டார். ஒரு வருஷம் பாவித்துவிட்டேன், இப்போது பதில் சொல்லலாம்.

என் பதில், யோசிக்காமல் வாங்குங்கள். புதுப் போனுக்குத் தவணை கட்ட நினைத்திருந்தால், அதை நிறுத்திவிட்டு இதை வாங்குங்கள்.

டி480 வந்தது 2018இல். 14 அங்குலத் திரை, இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5, என்னுடையதில் 8 ஜிபி ரெம், ஃபைல்களைச் சேமிக்க 256 ஜிபி எஸ்எஸ்டி. டைப்பிங், எக்செல் வேலை, பிடிஎப், வீடியோ கிளாஸ், பைத்தன் படிப்பது, கொஞ்சம் போட்டோ வேலை, இதற்கெல்லாம் எந்தத் திணறலும் இல்லை. கேம் விளையாட இது சரிவராது. கீபோர்டைப் பற்றி மட்டும் நீளமாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் நான் ஹட்டனில் ஒரு கொம்யூனிகேஷனில் (டைப்பிங், பிரின்ட் கடையில்) ஆறு வருஷமாக நாள் முழுக்க டைப் செய்கிறவன், விரல் சொல்வதை நம்பலாம். எழுத்தை அழுத்தினால் அழுத்தியது தெரிகிறது. இரவு பன்னிரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அடித்தாலும் பிழை குறைகிறது. ஒரு நாள் தங்கச்சி பிளேன்டீயைக் கீபோர்ட் மேலேயே கொட்டிவிட்டாள், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வைத்திருக்கிறார்கள், அது வழியாக மேசைக்கு இறங்கிவிட்டது. உடனே நிறுத்தி, பெட்டரியைக் கழற்றி, ஒரு நாள் கவிழ்த்து வைத்தோம். 'கே' எழுத்து மட்டும் கொஞ்ச நாள் ஒட்டியது, பிறகு அதுவும் சரி.

என்னை இதில் விழ வைத்தது அடிமூடி. ஆறு ஸ்க்ரூ, சாதாரண ஸ்டார் டிரைவர் போதும், ஸ்க்ரூவைத் தளர்த்தினாலும் மூடியிலேயே நிற்கும், கீழே விழுந்து தொலையாது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் முழுசாகத் திறந்துகொள்ளும். ரெம், எஸ்எஸ்டி, ஃபேன், உள் பெட்டரி எல்லாம் கண் முன்னே, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழலும். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ரோலர் மெஷின் எத்தனை வருஷம் ஓடுகிறது என்று யாராவது யோசித்திருக்கிறோமா? தாத்தா காலத்துச் சாமான் இன்றைக்கும் கொழுந்து அரைக்கிறது, ஏனென்றால் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு ஃபிட்டர் அங்கே இருக்கிறார், கழற்றிப் பூட்டுகிற மாதிரி அதைச் செய்தும் இருக்கிறார்கள். இப்போது வரும் போனும் மெல்லிய லெப்டொப்பும் பசை போட்டு ஒட்டி வருகின்றன. பெட்டரி செத்தால் சாமானே செத்த மாதிரி. கொழும்பில் இருப்பவருக்கு அது ஒரு நாள் அலைச்சல், மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ இருப்பவருக்கு ஒரு நாள் பேரும், பஸ் காசும், அங்கே போய் 'பார்ட்ஸ் வரவில்லை, அடுத்த கிழமை வாங்க' என்ற பதிலும். மலையில் இருப்பவருக்கு நேற்று வந்த சாமானைவிட ஹட்டன் பையன் ஒருவன் ஸ்டார் டிரைவரை வைத்துத் திறக்கக்கூடிய சாமான்தான் உதவும்.

வாங்கிய கதையில் ஒரு கசப்பும் உண்டு. கொழும்பில் ஒரு கடையில் வாங்கினேன். 'பெட்டரி ஆறு மணித்தியாலம் நிற்கும் தம்பி' என்றார்கள். பஸ்ஸில் நோர்வூட் வருவதற்குள் பாதி இறங்கிவிட்டது. வீட்டில் வைத்து பெட்டரி ரிப்போர்ட் (பெட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கொம்பியூட்டரே காட்டும் கணக்கு) எடுத்துப் பார்த்தால், 72 வாட்-அவர் பிடிக்க வேண்டிய பெட்டரி 29தான் பிடிக்கிறது. கடைக்குப் போன் எடுத்தால் பெட்டரிக்கு வாரண்டி இல்லையாம், பில்லில் சின்ன எழுத்தில் இருக்கிறதாம். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் அவர்கள் ஏமாற்றியது என்னை மட்டும் இல்லை, அந்தக் காசில் அம்மாவின் சீட்டுப் பணமும் இருந்தது. அதனால் எங்கே வாங்கினாலும் கடையில் வைத்தே அந்த ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷ வேலை. முகம் சுளித்தால் வெளியே வந்துவிடுங்கள். எனக்கு நல்ல காலம், இந்த மொடலில் இரண்டு பெட்டரி. உள்ளே ஒன்று, பின்னால் கழற்றக்கூடியது இன்னொன்று. பின்பெட்டரியை மட்டும் 14,500 ரூபாய்க்குப் புதிதாகப் போட்டேன், இப்போது டைப்பிங் வேலைக்கு ஒன்பது மணித்தியாலம் தாண்டுகிறது. மெஷினை நிறுத்தாமலே பின்பெட்டரியை மாற்றலாம், உள்ளே இருப்பது தாங்கிக்கொள்ளும்.

ஏன் புதுசு வாங்கவில்லை? இரண்டு இலட்சத்துக்குக் கீழே உருப்படியாக எதுவும் கண்ணில் படவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்துக்குள் 360க்கு ஏறியது, அதன் பிறகு வெளியிலிருந்து வரும் எந்தச் சாமானின் விலையும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமானது. நாட்டின் கடனை அடைக்கிற கணக்கில் ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளையின் கொம்பியூட்டரும் சேர்ந்துதான் அடிபடுகிறது.

அப்புறம் விண்டோஸ் 10. மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டுமாம். டி480 அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தப்பிவிட்டது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் வந்த டி470, பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி, கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. ஓடுகிற மெஷினை ஓர் அறிவிப்பால் பழசாக்குவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது, அதுவும் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில். ஆனால் உங்கள் கையில் காசு குறைவென்றால் அந்த டி470ஐயும் கேட்டுப் பாருங்கள், விலை இறங்கியிருக்கும், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் பிரச்சினை இல்லாமல் ஓடும். நான் என்னுடையதிலும் லினக்ஸ் மின்ட் 22தான் போட்டிருக்கிறேன். இலவசம், 2029 வரை அப்டேட் வரும், திருட்டு விண்டோஸும் அதோடு சேர்ந்து வரும் வைரஸும் இல்லை.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிற இடம். கொம்யூனிகேஷனில் இன்றைக்கும் பாதி வேலை பாமினி எழுத்துருவில்தான் நடக்கிறது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கொம்பியூட்டருக்குள் இருப்பது அம்மா இல்லை: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருக்கும் வரை தமிழ் மாதிரித் தெரியும், எழுத்துரு இல்லாத இடத்துக்கு அனுப்பினால் அந்த இங்கிலீஷ் எழுத்துத்தான் போகும். தேடினால் கிடைக்காது, போனில் திறந்தால் குப்பை. கோயில் திருவிழாக் கணக்கு, பாடசாலை வினாத்தாள், மரண அறிவித்தல், தொழிற்சங்கக் கடிதம் என்று எத்தனையோ வருஷத்து எழுத்து இப்படிப் பூட்டிக் கிடக்கிறது. எந்த மெஷினிலும் தமிழைத் தமிழாகவே வைக்கும் யூனிகோட் முறையில் தமிழ் 1991இலேயே முதல் பதிப்பிலிருந்து இருக்கிறது. யூனிகோடில் அடிக்க, மின்ட்டில் தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டைச் சேர்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. தங்கச்சி ஒரு மாதத்தில் பழகிவிட்டாள். அவள் எழுதுகிற கட்டுரையைப் பத்து வருஷம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும் என்று நினைக்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போனில் இதெல்லாம் செய்ய முடியாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் முடியும். ஆனால் நான் கடையில் தினமும் பார்ப்பது வேறு. பையன் வருவான், கையில் தவணைக்கு எடுத்த நல்ல போன், சிவி ஒன்று அடித்துத் தாங்க அண்ணே என்பான். சான்றிதழை வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புவான், நான் அடித்து, பிரின்ட் எடுத்து, காசு வாங்குவேன். அடுத்த மாதம் ஒரு வரி மாற்ற மறுபடியும் வருவான், ஃபைல் அவனிடம் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. போனுக்குத் தவணை கொடுக்க டவுனில் எத்தனையோ கடை, பழைய லெப்டொப்புக்குத் தவணை கொடுக்க ஒருவரும் இல்லை. போனை வாங்கியவன் மாதா மாதம் டேட்டா போடுவான், அதிலும் எந்த டேட்டா மலிவு? யூடியூபுக்கு மட்டும், பேஸ்புக்குக்கு மட்டும், டிக்டொக்குக்கு மட்டும் என்று விற்கும் பெக்கேஜ். எல்லாத் தளத்துக்கும் போகிற டேட்டா அதைவிட விலை. காசு குறைந்தவனுக்கு இன்டர்நெட் என்றால் நாலு ஆப் மட்டும்தான். இந்தியாவில் தளத்துக்குத் தளம் விலை மாற்றி டேட்டா விற்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே 2016 பெப்ரவரியில் தடை செய்தது. இங்கேயும் அப்படி ஒரு தடை வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எங்கள் பிள்ளைகள் வீடியோ பார்ப்பதில் தவறு இல்லை, அந்தக் கதவு மட்டும் மலிவாகத் திறந்து மற்றக் கதவுகள் விலைக்கு நிற்பதுதான் தவறு.

என் பெக்கேஜில் பாதி டேட்டா நள்ளிரவுக்குப் பிறகுதான் ஓடும். அதனால் இரவில் இறக்கிப் பகலில் படிப்பது எங்கள் வீட்டு வழக்கம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலிருந்து ஏ.எல் பழைய வினாத்தாள்கள், நூலகம் என்ற இணைய நூலகத்திலிருந்து மலையகப் புத்தகங்கள், இதழ்கள், கிவிக்ஸ் என்ற மென்பொருளில் முழுத் தமிழ் விக்கிப்பீடியா. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இன்டர்நெட் இல்லாமலே திறக்கும்.

அந்த வழக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று 2025 நவம்பர் கடைசியில்தான் விளங்கியது. டித்வா புயல். மலைநாட்டில் மண் சரிந்து எத்தனை குடும்பம் போனது என்று எல்லோருக்கும் தெரியும், அதை இங்கே எழுதும் தைரியம் எனக்கு இல்லை. எங்கள் பக்கம் உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் ஐந்து நாள் கரண்டும் இல்லை, டவரும் இல்லை, ரோடும் இல்லை. போனை வைத்திருந்தவர்களுக்கு அது டோர்ச் லைட் மட்டும்தான். மூன்றாம் நாள் கிராம சேவகருக்குக் கொடுக்க விபரம் வேண்டும் என்று தோட்டத் தலைவர் வந்தார். ஈரமான கொப்பியில் எழுதியது கரைந்துவிட்டிருந்தது. லெப்டொப்பைத் திறந்தேன், இரண்டு பெட்டரியும் சேர்ந்து 81 வீதம் காட்டியது. திரை வெளிச்சத்தை ஆகக் குறைத்துவிட்டு, லயத்தில் இருக்கும் இருபத்தெட்டுக் குடும்பத்தையும் ஒன்றொன்றாகக் கூப்பிட்டுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, என்ன மருந்து எடுக்கிறார்கள், கூரை போனதா என்று தமிழில் அட்டவணை போட்டோம். கூப்பன்கடைப் பாட்டி தன் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு, 'இன்னொரு தரம் காட்டு சாமி' என்றார். முடித்தபோது 64 வீதம் மிச்சம். ரோடு திறந்த அன்றைக்கு பென்டிரைவில் டவுனுக்குக் கொண்டுபோய் நாலு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

இனிக் குறைகள். திரை வெளிச்சம் போதாது, வெளி இஸ்தோப்பில் (திண்ணையில்) வெயிலில் வைத்தால் ஒன்றும் தெரியாது. அடிப்படை மொடலில் 1366க்கு 768 திரைதான், அதை வாங்காதீர்கள், ஃபுல் எச்டி என்று கேட்டு வாங்குங்கள். கமரா மோசம், வீடியோ கிளாஸில் முகம் மங்கலாகத் தெரியும். பெரிய பின்பெட்டரியோடு தூக்கினால் பாரம் தெரிகிறது. எங்கள் குளிருக்கும் பனிக்கும் தனியாகக் கவனம் வேண்டும்: வெளிக்குளிரிலிருந்து அடுப்புச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் உள்ளே ஈரம் கட்டும், அரை மணித்தியாலம் பைக்குள்ளேயே வைத்துவிட்டுத் திறக்கவும். அடுப்புப் புகை ஃபேனில் படியும், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் திறந்து பிரஷ் போடுகிறேன்.

ரெம் பற்றி ஒன்று. நான் வாங்கும்போது இன்னொரு 8 ஜிபி பிறகு போடலாம் என்று விட்டேன், அது பிழை. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரித் தொழிற்சாலைகள் திரும்பிவிட்டதால் 2025 கடைசியிலிருந்து ரெம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது, அமெரிக்காவில் கட்டுகிற கட்டடத்துக்கு ஹட்டனில் நாங்கள் கூடக் கொடுக்கிறோம். அதனால் முடிந்தால் 16 ஜிபி போட்டு வருவதையே பாருங்கள். முடியாவிட்டால் 8 போதும், ஆனால் அந்த 8 ஒரே ரெம்மாக இருக்கிறதா, பக்கத்து ஸ்லொட் காலியாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆறு ஸ்க்ரூதானே.