டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய நியூரான் கிட்

திருமங்கலத்தில் யூபிஎஸ், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறவன் நான். பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகனுக்காக மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் இந்த கிட்டை வாங்கினேன். நியூரான், அதாவது நரம்புச் செல், எப்படி வேலை செய்கிறது என்று சர்க்யூட்டில் காட்டுவது. ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டியில் 'மூளையைப் போலச் சிந்திக்கும்' என்று போட்டிருக்கிறது. சிந்திக்காது. ஆனால் உள்ளே இருப்பது நல்ல சர்க்யூட்.

ஒரே ஒரு எல்எம்339 ஐசி. அதில் நான்கு கம்பேரேட்டர் (இரண்டு வோல்ட்டேஜில் எது அதிகம் என்று பார்த்துச் சொல்லும் பகுதி) என்பதால் நான்கு நியூரான். 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்தான் செல்லின் சவ்வு. சார்ஜ் கசிவதற்கு இணையாக 1 மெகா ஓம் ரெசிஸ்டர். மீட்டரை வைத்துக்கொண்டு பட்டனைத் தட்டினோம், தட்டத் தட்ட கெப்பாசிட்டரில் சார்ஜ் ஏறியது: 1.1, 2, 2.7... 3 வோல்ட்டைத் தாண்டியதும் எல்இடி ஒரு வெட்டு வெட்டியது, கெப்பாசிட்டர் காலி, மறுபடி முதலிலிருந்து. தட்டாமல் சும்மா இருந்தால் எண் மெல்ல இறங்குகிறது. 10 விநாடியில் பாதிக்கு மேல் போய்விடும். நிஜ நியூரானில் இது மில்லி விநாடிக் கணக்கு. 1 மெகாவைக் கழற்றி 100 கிலோ ஓம் போட்டேன், கசிவு பத்து மடங்கு வேகம். நிதானமாக எத்தனை முறை தட்டினாலும் எரியவே இல்லை.

"அப்ப வேகமா அடிச்சாத்தான் கேக்கும், இல்ல மாமா?" என்றான். அடித்தான், எரிந்தது. கொடுத்த காசு அங்கேயே சரியாகிவிட்டது.

நியூரானை இப்படி கெப்பாசிட்டரும் ரெசிஸ்டருமாகப் பார்ப்பதெல்லாம் 1907-இல் பிரெஞ்சு விஞ்ஞானி லாப்பிக் போட்ட வழி. 1952-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையில் அளந்து எழுதினார்களே, அந்த சோடியம், பொட்டாசியம் அயனிகள் சவ்வைத் தாண்டி உள்ளே வெளியே போகிற சமாச்சாரம் எதுவும் இதில் கிடையாது. அதையும் சிலிக்கான் சிப்பில் மஹோவால்ட், டக்ளஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1991-லேயே செய்து காட்டிவிட்டார்கள். பாடத்தில் கேட்பது சோடியத்தைத்தான், ஆகவே பரீட்சைக்குப் புத்தகம் வேண்டும்.

என் கோபம் வேறு இடத்தில். 339-இன் அவுட்புட் ஓப்பன் கலெக்டர், அதாவது கிரவுண்டுக்கு இழுக்கும், தானாக வோல்ட்டேஜ் கொடுக்காது. பிளஸ்ஸுக்கு ஒரு புல்-அப் ரெசிஸ்டர் கொடுக்காவிட்டால் எல்இடிக்கு ஒன்றுமே வராது. அந்த ரெசிஸ்டர் கிட்டிலும் இல்லை, கூட வந்த படத்திலும் இல்லை! எனக்கு அது ரெண்டு நிமிஷ வேலை. பள்ளிக்கூடப் பிள்ளை தனியாக மாட்டினால், ஐசி போச்சு என்று மூலையில் போட்டுவிடும். கடையில் கேட்டேன். "கம்பெனியே அப்படித்தாண்ணே அனுப்புது" என்று அடுத்த ஆளுக்கு பில் போடப் போய்விட்டார்.

வாங்குகிறவர்கள் புல்-அப்புக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் நாலு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஈயம் வைக்கத் தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் இருக்கட்டும்.