ஃபேமிலி லிங்க்: வீட்டு வைஃபையில் சரி, சிம் டேட்டாவில்?

"வைஃபைல அடைச்சாச்சுங்க, சிம்முல போட்டா எல்லாம் வருதுங்களே" என்பது இந்தப் பக்கம் பெற்றோர் வழக்கமாகச் சொல்லும் குறை. ரவுட்டரில் மாட்டிய பூட்டு ரவுட்டர் வழியாகப் போகிற போனைத்தான் பிடிக்கும். போனிலேயே மாட்டிய பூட்டு போன் போகும் இடமெல்லாம் கூடவே போகும். பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் இரண்டாவது ரகம். காசும் கிடையாது.

பிள்ளையின் கூகுள் கணக்கையும் ஆண்ட்ராய்டு போனையும் அது பிடித்துக்கொள்கிறது. இணையம் ஃபைபரில் வருகிறதா, சிம்மில் வருகிறதா என்று பார்ப்பதே இல்லை. தினசரி நேரம், ராத்திரிப் பூட்டு, ஆப்புக்கு ஆப்பு தனி நேரம் எல்லாம் போனுக்குள்ளேயே கணக்காகும். டேட்டாவை அணைத்து வைத்தாலும் 9 மணிக்குப் போட்ட பூட்டு 9 மணிக்கு விழும். பூட்டிய பிறகும் வருகிற அழைப்பை எடுக்கலாம், அவசர அழைப்பும் போகும்.

சிக்கல், புதிதாக இடும் கட்டளையில். அப்பா திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்துகொண்டு "இப்பவே பூட்டு" என்று அழுத்துகிறார். பையன் காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் டேட்டாவை அணைத்துவிட்டு, இறக்கி வைத்த கேமை ஆடிக்கொண்டிருக்கிறான். கட்டளை போய்ச் சேராது. டவர் சரியாக எடுக்காத இடங்களிலும் இதே கதை. அதனால் உடனடிப் பூட்டை நம்பாமல், வாரம் ஏழு நாளுக்கும் நேரத்தை முன்கூட்டியே குறித்து வைப்பதுதான் உருப்படியான வழி.

அடுத்த ஓட்டை யூடியூப். ஆப்புக்கு 30 நிமிடம் வைத்தால் அது ஆப்புக்கு மட்டும்தான். 31வது நிமிடம் குரோமைத் திறந்து அங்கே யூடியூப் பார்க்கலாம். குரோமில் தடை செய்யும் தளங்களின் பட்டியலில் யூடியூப் முகவரியையும் சேர்க்க வேண்டும். வலைத்தள வடிகட்டியும் குரோமில்தான் வேலை செய்யும், ஆகவே போனோடு வந்த மற்ற பிரவுசரை அடைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பை மொத்தமாகப் பூட்டலாமே ஒழிய உள்ளே என்ன வருகிறது என்பதைத் தொட முடியாது. பிளே ஸ்டோர் அனுமதியை "எல்லாவற்றுக்கும்" என்று வையுங்கள். ஆனால் ஒருமுறை அனுமதித்த ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டால் மறுபடி கேட்காது. தவறிப்போய் விபிஎன் (தடைகளைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக இணையத்துக்குப் போகும் ஆப்) ஒன்றுக்குச் சரி சொல்லியிருந்தால் ஆப் பட்டியலில் அதைத் தேடிப்பிடித்து அடைக்க வேண்டும்.

ரவுட்டர் பூட்டு வீணா என்றால், இல்லை. டிவி, லேப்டாப், விருந்தாளி போன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வடிகட்டி அது. ரவுட்டர் செட்டிங்ஸில், வீட்டுப் போன்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி பக்கத்தில், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) கட்டத்தில் 1.1.1.3, அடுத்ததில் 1.0.0.3 போட்டால் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் ஆபாசத் தளங்களை மறித்துவிடும். பாதிப்பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: ஃபைபரில் ஐபிவி6 (புதிய ரக இணைய முகவரி முறை) ஓடினால் போன் அந்த வழியாக வேறு டிஎன்எஸ்ஸைக் கேட்டுக்கொள்ளும். அங்கேயும் 2606:4700:4700::1113 என்று போட வேண்டும், அல்லது ஐபிவி6-ஐ அணைக்க வேண்டும். ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) பாஸ்வேர்டு கேபிள்காரரிடம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். மேக் எண்ணை (போனின் வைஃபை அடையாள எண்) வைத்து ஒரு போனை மட்டும் அடைப்பது வீண் வேலை. வைஃபை செட்டிங்ஸில் ரேண்டம் மேக்கை மாற்றினாலே ரவுட்டருக்கு அது புதுப் போன்.

இதே வடிகட்டியைச் சிம் டேட்டாவுக்கும் கொண்டுவர ஆண்ட்ராய்டு 9 முதல் வழி இருக்கிறது. செட்டிங்ஸ், நெட்வொர்க், பிரைவேட் டிஎன்எஸ் போய், ஹோஸ்ட்நேம் கட்டத்தில் "ஃபேமிலி டாட் கிளவுட்ஃப்ளேர் டிஎன்எஸ் டாட் காம்" என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். கிளவுட்ஃப்ளேருக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் நடுவில் இடைவெளி விடக்கூடாது, ஒரு சின்னக் கோடு. ஓர் எழுத்து தப்பினாலும் தளம் எதுவும் திறக்காது, பழி சிம்மின் மேல் விழும். இதற்குத் தனிப் பூட்டு இல்லை என்பது பெரிய குறை. விவரம் தெரிந்த பிள்ளை இரண்டு தட்டில் அணைத்துவிடும். விபிஎன் போட்டாலும் போச்சு.

காசு வாங்கும் செயலிகள் பல, போனுக்குள் உள்ளூர் விபிஎன் ஒன்றை ஓட்டித்தான் வடிகட்டுகின்றன. ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான். பிள்ளை இன்னொன்றை இயக்கினால் இது விழுந்துவிடும். வைஃபையில் ஓடி டேட்டாவில் படுப்பதும் இந்த ரகத்தில்தான் அதிகம், காரணம், பின்னணியில் ஓடும் ஆப்புக்கு டேட்டாவை மறிக்கும் டேட்டா சேவர். ஆப் விவரத்தில் பின்னணி டேட்டாவுக்கு அனுமதி கொடுத்து, பேட்டரியில் "கட்டுப்பாடு இல்லை" என்று மாற்றுங்கள். ரெட்மி, விவோ, ஒப்போ போன்களில் ஆட்டோஸ்டார்ட்டும் (ஆப் தானாகவே தொடங்க அனுமதி) இயக்க வேண்டும்.

பிள்ளை கையில் ஐபோன் என்றால் ஃபேமிலி லிங்க் உதவாது, ஆப்பிளின் ஸ்க்ரீன் டைம்தான்.

ஃபேமிலி லிங்குக்கு ஐந்துக்கு மூன்றரை. அப்புச்சி போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தாலும் பிள்ளையின் போன் பூட்டு அப்படியே நிற்கும். அப்புச்சியின் போனையே கையில் வாங்கினால்தான் ஒன்றும் நிற்காது. அந்தப் போனுக்கும் திரைப் பூட்டு போட்டு, பிரைவேட் டிஎன்எஸ்ஸை அடித்து வைத்துவிடுங்கள்.